ஐந்தாம் அத்தியாயம்: நூதனசாலைக்கு உரியவர்கள்

சப்த தீவுகள் என்று யாழ்ப்பாணத்தார் தொகையிட்டுச் சொல்லும் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைதீவு என்பவற்றுள் ஏதேனும் ஒன்றிலே சிறியதொரு கலை நூதனசாலையை நிறுவ விரும்பும் சனசமூக நிலையத்தாருக்கும், பாடசாலை அதிபர்களுக்கும், பழைய மாணவர் சங்கத்தினருக்கும், பிரதேச சபை உத்தியோகத்தருக்கும் வேண்டிய கட்டட விஷயங்களையும், உப்புக்காற்றிலிருந்து பொருள்களைப் பேணும் உபாயங்களையும் முன்னைய அத்தியாயங்கள் கூறின. இவ்வத்தியாயம் மனிதரைப் பற்றியது. கதவைத் திறந்து வைத்தல் ஒரு காரியம். உள்ளே வருவோர் அவ்விடத்தைத் தமதென்று கொள்ளுதல் மற்றொரு காரியம். விருந்தாளியாக வந்தவர் நாம் காட்டிய ஆசனத்திலே மரியாதையாக அமர்ந்து, மரியாதையாகவே விடைபெற்றுப் போவார். வீட்டுக்குரியவரோ ஆசனத்தைத் தமக்கு வசதியான இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். தீவு மக்களை இவ்விரண்டாம் நிலையிலே வைப்பது எவ்வாறு என்பதே இங்கே ஆராயப்படுகின்றது.

1. அடிப்படைக் கருத்து

யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்திலே, தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகவாக 1877இல் கொழும்பிலே பிறந்து, 1917 முதலாகப் பொஸ்டன் நகரத்து நுண்கலை நூதனசாலையிலே இந்தியக் கலைச் செல்வங்களைப் பரிபாலித்து வந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கலைப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்னும் கேள்வியையே தலைப்பாக்கி 1943இல் ஒரு நூலை வெளியிட்டார். கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடிப் பேழைக்கென்று செய்யப்பட்டவையல்ல என்பதும், வழிபாட்டுக்கோ உணவுக்கோ உடைக்கோ உறையுளுக்கோ பயன்பட வேண்டுமென்றே அவை செய்யப்பட்டன என்பதும், அப்பயனை அறியாமல் வடிவத்தை மாத்திரம் கண்டு களிப்பவர் பொருளின் பாதியையும் கண்டவராகார் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம்.

பொஸ்டனிலே அப்பயனை எடுத்துரைப்பதற்கு ஒரு மகாபண்டிதர் ஆயுள் முழுவதும் எழுத வேண்டியிருந்தது. ஏனெனில் அப்பொருள்களைச் செய்தவரும் கையாண்டவரும் சமுத்திரங்களுக்கு அப்பால் இருந்தனர். நமது தீவுகளிலோ கடகம் இழைப்பவளும், மீன்பறி கட்டுபவரும், கூத்துக்கு முடி செய்பவரும், முருகைக்கல்லைச் சாந்தின்றி அடுக்கி வேலி எழுப்புபவரும் கூப்பிடு தூரத்திலே வாழ்கின்றனர். உலகத்து மகா நூதனசாலைகள் பொருள் கொடுத்தும் பெறமுடியாத இவ்வறிவு நம்மிடம் உண்டு. அதனை உடையவரைப் பார்வையாளர் வரிசையிலே நிறுத்திவிட்டு, அவர் செய்த பொருளுக்கு வேறொருவர் விளக்கம் எழுதும் ஏற்பாடு விவேகமானதன்று. 2022 ஓகஸ்டில் பிராக் நகரிலே கூடிய சர்வதேச நூதனசாலைகள் பேரவை, நூதனசாலை என்பதற்குப் புதிதாக வகுத்த இலக்கணத்தில், எவரையும் விலக்காமையும் சமூகத்தின் பங்குபற்றுதலும் இடம்பெற வேண்டுமென்று ஏற்றுக்கொண்டதும் இந்த நியாயம் பற்றியே.

2. வராதவரை முதலில் எண்ணுக

வந்தவரின் தொகையைப் பதிவேட்டிலே குறிப்பது சுலபம். எவர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரிப்பதே நிர்வாகத்தின் முதற் கடமை.

யாழ்ப்பாணத்துப் பொது இடங்களின் சரித்திரம் பெருமளவுக்குப் பிரவேசத் தடைகளின் சரித்திரமாகும். பாடசாலைகளிலே சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்ற கிளர்ச்சி 1920களின் இறுதியில் நிகழ்ந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேதான் வந்தது. சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்பும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. பாட்டனார் கோயில் வீதியிலும் தேநீர்க் கடையிலும் தடுக்கப்பட்டதைக் கேட்டு வளர்ந்த ஒருவர், உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் சீருடைக் காவலாளியும் உள்ள கட்டடத்தைக் கண்டவுடன் தயங்கி நிற்பாராயின், அத்தயக்கத்துக்குக் காரணமான எழுத்து எந்தப் பலகையிலும் இருக்க வேண்டியதில்லை. ஆகையால் ஒரு சமூகத்தாரின் வீதியென்று கருதப்படும் இடத்தை விலக்கி, எல்லாரும் நடமாடும் சந்தையடியையோ இறங்குதுறையடியையோ தெரிந்துகொள்ளுதல் நன்று. திறப்பு விழாவிலே குத்துவிளக்கு ஏற்றுபவர் வரிசையும் அதே எண்ணத்தோடு அமைதல் வேண்டும்.

அடுத்து, தீவின் சனங்களை மனக்கண் முன் நிறுத்தி ஒரு பட்டியல் எழுதுக: கடற்றொழிலாளர் குடும்பங்கள், சீவல் தொழிலாளர் குடும்பங்கள், பிள்ளைகள் அந்நிய தேசங்களில் இருக்கத் தனியே வாழும் முதியோர், வீட்டு வேலையால் பகலில் வெளியேற முடியாத பெண்கள், ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கர், நயினாதீவு முஸ்லிம்கள், யுத்தத்தில் அவயவம் இழந்தோர், தமிழைப் பேசுவார் எனினும் வாசிக்க அறியாத புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள், நயினாதீவின் நாகவிகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர். ஒவ்வொரு வகுப்பினரிடமும், அவர்கள் கூடும் இடத்துக்கே சென்று, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் பங்குத் தந்தையின் இல்லத்திலும் பள்ளிவாசலிலும், மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எதனை நாங்கள் வைத்திருக்க வேண்டும்? எதனை வைத்திருக்கலாகாது? நீங்கள் எந்த நேரத்தில் வரக்கூடும்?

இம்முறையின் பலனுக்கு வாஷிங்டன் நகரத்து அனகொஸ்டியா பேட்டை நூதனசாலை நல்ல சான்று. ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967இல் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலே, கைவிடப்பட்ட ஒரு படமாளிகையில் அதனைத் தொடங்கியது. ஜோன் கினாட் என்பவரின் தலைமையில் அது 1969இல் எலிகளைப் பற்றி ஒரு காட்சி நடத்தியது. மேன்மையான கலைக்கூடத்துக்கு எலி தகுமா என்று கேட்போர் கேட்கலாம். எலித் தொல்லையே அப்பேட்டையாரின் அன்றாட இடுக்கணாக இருந்தமையால், தம் வாழ்வே அங்கே பேசப்படுவதைக் கண்டு அவர்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். நம் தீவுகளிலே இதே கேள்வியைக் கேட்டால், நன்னீர்க் கிணறும் படகுப் பிரயாணமும் விடைகளாக வருமென்று எதிர்பார்க்கலாம்.

3. நேரமும் வழியும்

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதிகள் உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்பவற்றுக்குக் கடலே பாதை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்ல ஒரு மணி நேரமளவு ஆகும். அங்கே நூதனசாலை அமைப்போர், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்னும் கந்தோர் நேரத்தைக் கைவிட்டு, படகு வரும் நேரத்தையும் கடைசிப் படகு போகும் நேரத்தையும் கொண்டே கதவு திறக்கும் காலத்தை வகுக்க வேண்டும். தொழிலுக்குப் போனவர் கரை சேர்ந்து, மீன் விற்று, உறங்கி எழும் வேளை பிற்பகலாதலால், வாரத்தில் இரண்டு நாளேனும் விளக்கு வைத்த பின்பும் திறந்திருத்தல் அவசியம்.

ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் மகோற்சவம் நிகழும்போது கடல் கடந்து வரும் சனத்திரளையும், பௌர்ணமி தினங்களில் வரும் பௌத்த யாத்திரிகரையும் நூதனசாலை எதிர்பார்த்து நிற்க வேண்டும். திருவிழாக் காலத்திலே பெரும் பொருள்களைப் பார்க்கச் சொல்லி மக்களைச் சிரமப்படுத்தாமல், இறங்குதுறையருகே ஒரு கொட்டகையிட்டு, பத்துப் பதினைந்து பொருள்களையும் அவற்றைச் செய்பவர் இருவரையும் அமர்த்தினால் போதும்.

தீவாரிடம் கட்டணம் பெறலாகாது. நன்னீர் அருமையான ஊர்களிலே, வாசலிலே ஒரு தண்ணீர்ப் பானையும் நிழலிலே ஒரு வாங்கும் அழைப்பிதழினும் அதிகம் உபகரிக்கும். வலுவிழந்தோர் பொதுக் கட்டடங்களில் தடையின்றிப் பிரவேசிக்க வழி செய்யும் ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006இல் வெளியாயின. அவற்றின்படி சாய்வுப் பாதையும் அகன்ற வாயிலும் கைபிடிச் சட்டமும் அமைக்கும்போது, 1987 முதல் செயற்கைக் கால் அமைத்துக் கொடுத்து வரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தாரின் ஆலோசனையைப் பெற்று, செயற்கைக் காலோடு நடப்பவர் ஒருவரை நடக்கச் செய்து பார்த்த பின்பே மேஸ்திரிக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். பார்வையற்றோர் தொட்டறிவதற்காகச் சுளகு, நீத்துப்பெட்டி, சங்கு, முருகைக்கல், மரச் சிற்பத்தின் பிரதி என்பவற்றை ஒரு மேசையில் வைக்கலாம். பிள்ளைகள் அம்மேசையை விட்டு அகலமாட்டார்கள்.

4. பொருள்களும் பெயர்களும்

தீவுகளிலே கலை இல்லை, தொழில் மாத்திரமே உண்டு என்று எண்ணுவோர் உளர். வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியிலே ஜோன் காஸ்வெல் என்பவர் 1977இல் நடத்திய அகழ்வில், சொங் அரசர் காலத்துச் சீனப் பீங்கான்கள், ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுக்கு முற்பட்டவை, வெளிப்பட்டன. நெடுந்தீவின் வெடியரசன் கோட்டையென்னும் இடிபாட்டையும், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும், வயல் வளவுகளைச் சூழ்ந்த முருகைக்கல் வேலிகளையும் ஒருங்கே காண்பவர், கலை இங்கே கரை தட்டிய காலம் மிகப் பழையதென்பதை உணர்வர். நிலத்தடியிலிருந்து புராதனப் பொருள் எதுவும் கிடைப்பின், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு அமையத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவித்த பின்பே அதனைக் காட்சிக்கு வைப்பதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

சமகாலப் பொருள்களைப் பொறுத்தவரை மூன்று விதிகளைக் கைக்கொள்க. முதலாவது, ஓவியத்தின் கீழே ஓவியரின் பெயரை எழுதுவது போலவே, சம்மதம் பெற்று, பனையோலைப் பெட்டியின் கீழே அதனை இழைத்தவளின் பெயரையும் ஊரையும் எழுதுக. சாதிப் பெயர் எழுதலாகாது. இரண்டாவது, நன்கொடையாகத் தரும்படி எவரையும் வற்புறுத்தாமல் இரவலாகப் பெறுக. வாகனமோ கூத்துமுடியோ குத்துவிளக்கோ கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வேண்டியபோது உரியவர் எடுத்துச் சென்று திரும்பக் கொணரும் உரிமையைப் பற்றுச்சீட்டிலே எழுதிக் கொடுக்க வேண்டும். காலியான பேழையிலே, இப்பொருள் திருவிழாவுக்குப் போயிருக்கின்றது என்று ஒரு சீட்டு வைத்தால், குமாரசுவாமி வேண்டிய விளக்கம் அதிலேயே அடங்கிவிடும். மூன்றாவது, விலையுயர்ந்தவற்றை மாத்திரம் தேடாமல், ஒருவர் எதனை இழக்க மனமின்றிக் காத்து வந்தார் என்று வினவுக. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கலைஞர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த வரைபடங்களைக் கொண்டு, 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் ஆக்கம் இவ்வழியிலே சிறந்த முன்மாதிரி. ஒல்லாந்தர் காணிகளைக் கணக்கெடுத்த ஏட்டின் பெயரைத் தாங்கிய அவ்வாக்கத்துக்கு, சாதாரண சனங்களின் கை நடுங்கிய கோடுகளே மூலப்பொருள்.

நாவற்குழியில் 2020இல் திறக்கப்பட்ட சிவபூமி நூதனசாலையைத் தீவுக் குழுவினர் ஒருமுறை சென்று பார்த்து, தமது ஊர்ப் பொருள்கள் அங்கே எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்று தம்முள் விவாதித்தல் பிரயோசனமான பயிற்சியாகும்.

5. மூன்று மொழிகள்

சீனக் கடற்தளபதி செங் ஹேயின் காலத்தில், 1409ஆம் ஆண்டுத் திகதியோடு பொறிக்கப்பட்டு, 1911இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் கற்சாசனத்தை, விளக்கப் பலகை எழுதும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும். அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயினார் என்னும் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறிக்கும் காணிக்கைகளைக் கூறுகின்றது. மூன்று மொழியாரும் ஒரே கல்லின் முன் நின்று, அவரவர் வணங்குவது மதிக்கப்பட்டதைக் காணலாம். ஒரு மொழியில் எழுதியதை இயந்திரம்போல் மற்றிரு மொழிகளிலும் பெயர்த்து ஒட்டாமல், அவ்வம்மொழியாருக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் எண்ணித் தனித்தனியே இயற்றும் வழக்கம் இந்நாட்டிலே அறுநூறாண்டுப் பழமையுடையது.

ஆகவே தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மூன்று பலகைகளையும் மூவர் எழுதி, பின்பு ஒருங்கிருந்து ஒப்பிட வேண்டும். நாகவிகாரையை வணங்கி வரும் சிங்கள யாத்திரிகருக்கு, முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிலே பொறிப்பித்த சாசனம் தமிழிலே உள்ளதென்பதும், பரதேசிகளாகிய பிறநாட்டார் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறையில்) வந்து தங்குவதற்கும் அவர்களுடைய காவலுக்கும், உடைந்த கப்பல்களின் பண்டத்திலே அரசனுக்கும் உடையவனுக்கும் உரிய பங்குக்கும் அது விதி கூறுகின்றதென்பதும் மகிழ்ச்சியான செய்தியாகும். தமிழருக்கோ அம்மன்னன் யாவன் என்பதை அதிகம் சொல்ல வேண்டியிருக்கும். கொழும்பில் 2019 டிசம்பரிலே தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை மும்மொழியிலும் தன் காட்சிகளை நடத்தி வருவது, சிறு நிறுவனங்களும் பின்பற்றத்தக்க ஒழுக்கம். எழுத்து பெரிதாயும், வாக்கியம் குறுகியதாயும், பலகை சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கு நேராயும் இருத்தல் வேண்டும். வாசிக்க இயலாதோர் கேட்பதற்கு ஊர் முதியோரின் குரலைப் பதிவு செய்து வைக்கும்போது, தீவுப் பேச்சைத் திருத்தி ஏட்டுத் தமிழாக்கலாகாது.

6. துயரத்தைக் காட்சிக்கு வைத்தல்

நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே 1985 மே 15ஆம் திகதி பெண்களும் குழந்தைகளும் உட்படப் பிரயாணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். வடமாகாணத்து முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யுத்தம் தீவுகளை எட்டிய 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவார் பல்லாயிரவர் வீடு துறந்தனர். இவற்றைப் பேசாத நூதனசாலையை ஊரார் நம்பமாட்டார்கள். பேசத் தெரியாத நூதனசாலையையோ மன்னிக்கமாட்டார்கள்.

இறந்தோரின் குடும்பத்தார் எழுத்திலே சம்மதியாத எதனையும் வைக்கலாகாது. சம்மதித்த பின்பும் எந்நாளிலும் காரணம் கூறாமல் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. உடலங்களின் படங்களை விலக்குக. திகதி, இடம், பெயர் என்பவற்றை எழுதி, அடைமொழிகளைத் தவிர்க்க. ஒரு சமூகத்தின் இழப்புக்கு ஒரு சுவரும் மற்றொன்றின் இழப்புக்கு ஒரு மூலையும் அளித்தால், சிறுபிள்ளையும் அவ்வளவைக் கண்டுகொள்ளும். ஆதலால் இடமும் எழுத்தும் வெளிச்சமும் ஒத்திருத்தல் வேண்டும். அவ்வறைக்குள் புகாமலே மற்றப் பகுதிகளைப் பார்த்து வெளியேற வேறு வழியும், உள்ளே இரண்டு மூன்று இருக்கைகளும் அமைக்க. வருஷாந்த நினைவு நாளிலே அவ்வறையைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு உத்தியோகத்தர் விலகி நிற்பது உசிதம்.

7. நிர்வாகம்

மேலே கூறிய யாவும் தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் உள்ளதென்பதைப் பொறுத்து நிலைக்கும் அல்லது அழியும். பதினொருவர் கொண்ட குழுவாயின், எழுவர் அத்தீவிலே நிரந்தரமாக வசிப்பவராகவும், ஐவருக்குக் குறையாமல் பெண்களாகவும், மும்மதத்தாரும் பலதொழிலாரும் இடம்பெற்றவராகவும், மூன்றாண்டுக்கு மேல் தொடராதவராகவும் இருத்தல் நன்று. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் திரவிய சகாயம் செய்ய முன்வரும். அவ்வுதவி பெறுதற்குரியது, நன்றியோடு பெயர் பொறித்தற்கும் உரியது. எனினும் பணத்தின் அளவுக்கு ஏற்ப வாக்கு அளித்தலாகாது. ஊரை விட்டுப் போனவரின் ஞாபகத்திலுள்ள தீவுக்கும், இன்று அங்கே இருந்து மழைக்கும் படகுக்கும் காத்திருப்பவரின் தீவுக்கும் பேதம் உண்டு. காட்சியிலே இரண்டுக்கும் இடம் தருக. தீர்மானத்தில் பின்னவருக்கே முதன்மை.

வழிகாட்டியாக உள்ளூர் இளைஞரையும் யுவதிகளையும் சம்பளம் கொடுத்து நியமிக்க வேண்டும். கைவினை காட்ட வரும் முதியவருக்கும் ஒரு நாட் கூலி தவறாமல் கொடுக்க வேண்டும். அறிவுக்கு மரியாதையும் உழைப்புக்குப் பூச்சியமும் என்பது நெடுங்காலமாக நாம் பழகிய அநியாயம். வாயிற்காவலாளிக்கே முதற் பயிற்சி அளிக்க: சாரம் உடுத்து வந்தவரிடமும் காற்சட்டை அணிந்து வந்தவரிடமும், “வாங்கோ, இருங்கோ, தண்ணி குடிச்சிட்டுப் பாருங்கோ” என்று ஒரே குரலிலே சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தால், நூதனசாலையின் பாதி வேலை வாசலிலேயே முடிந்துவிடும்.

8. ஆண்டுதோறும் கேட்க வேண்டியவை

(அ) சென்ற ஆண்டு பட்டியலிலிருந்த வகுப்பினருள் எவர் இன்னும் வரவில்லை? அவர்களிடம் சென்று கேட்டவர் யார்?

(ஆ) பெயரில்லாமல் இருக்கும் பொருள்கள் எத்தனை? செய்தவரைத் தேடினோமா?

(இ) இரவலாகத் தந்த பொருள்களுள் உரியவர் தம் தேவைக்கு எடுத்துச் சென்றவை எத்தனை? ஒன்றுமில்லையாயின், கேட்கத் தயங்கினார்களா?

(ஈ) குழுவிலே ஊரார் கூறிய மறுப்பால் நாம் கைவிட்ட அல்லது மாற்றிய தீர்மானம் எது?

(உ) சக்கர நாற்காலியில் வந்தவர் எவருடைய உதவியும் இன்றிப் பார்த்து முடித்தாரா?

(ஊ) மூன்று மொழிப் பலகைகளையும் அம்மொழியார் வாசித்துக் குறை கூறினரா?

விடைகளைப் பொதுக்கூட்டத்தில், ஊரார் முன்னிலையிலே உரத்து வாசிக்க வேண்டும். நான்காவது கேள்விக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விடை இல்லையாயின், ஊரார் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டனர் என்று திருப்தியடைய வேண்டாம்; சொல்லிப் பயனில்லையென்று அவர்கள் விலகிவிட்டனர் என்றே கொண்டு, அவ்வாண்டிலே குழுவைக் கலைத்துப் புதிதாகத் தெரிவு செய்க.